பெயர் இருந்தால் படிக்கலாம்

என் மகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு ஓவியக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்ற செய்தி வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள், பெற்றோரில் ஒருவர் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். நடுவில் இருந்தது சனியும் ஞாயிறும்தான். சனிக்கிழமை காலையில் ஆவடிக்கு ஃபோன் செய்து என் அண்ணனிடம் சொன்னேன். மத்தியானம் அவர் எங்கள் வாசலில் நின்றார். ஃபோன் செய்தது என் தப்பு.

அண்ணன் தமிழ்வாணன், ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருக்கிறார். செய்து வருகிற பாகங்களை அளந்து பார்த்து, சரியில்லாததில் சிவப்புச் சீட்டு கட்டுவது அவர் வேலை. எனக்குப் பத்து வயதில் அப்பா இறந்துவிட்டார். என்னைத் திருவள்ளூரில் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்து, நசரத்பேட்டையில் கட்டிக்கொடுத்து, பிரியா பெரியவளானபோது மாமன் சீர் கொண்டுவந்து சபையில் வைத்தவர் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் எது நடந்தாலும் அவர் சரி என்று சொல்ல வேண்டும். இது யாரும் போட்ட சட்டமில்லை. பழகிவிட்டது.

“பெயிண்ட் அடிக்கிறதுக்கு ஒரு காலேஜு, அதுக்கு நாலு வருசமா?” என்றார், செருப்பைக் கழற்றும் முன்பே. “ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீசியன் சீட்டுக்கு சொல்லி வெச்சிகீறேன். முடிச்சா அப்ரண்டிஸ். இவளுக்கு இன்னாத்துக்கு பிரஷ்ஷு? தோ, இவங்கப்பன் இருவத்தாறு வருசமா பெயிண்ட் அடிச்சிகினு கீறான். ஊர்ல எங்கியாவது ஒரு எடத்துல அவன் பேரு கீதா?”

என் வீட்டுக்காரர் பரந்தாமன், பூந்தமல்லியில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் பெயிண்டர். அண்ணன் எதிரில் வாயைத் திறக்க மாட்டார். அன்றைக்குத் திறந்தார்.

“கீது மச்சான். ராயபுரத்துல, ஹவுசிங் போர்டு செவுத்துல. நாலு மாடி உயரத்துக்கு ஒரு அம்மா மூஞ்சி. நான்தான் அடிச்சேன். கீழ என் பேரு கீது.”

அது உண்மை. இரண்டு மாதம் முன்னால் அபிஷேக் என்ற ஓவியர் பட்டறைக்கு வந்து, உயரத்தில் நின்று கம்ப்ரஸர் கன் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று இவரைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கோடு போட்டுக் கொடுத்தார். இவர் கிரேன் கூடையில் நின்று பதினெட்டு நாள் வண்ணம் ஏற்றினார். கடைசி நாள் அடியில் வேலை செய்தவர்கள் பெயரையெல்லாம் எழுதியதும் இவர்தான்.

“போட்டோ காட்டு.”

இவர் ஃபோனில் தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தது. அண்ணன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது பேரா, எறும்பா மாப்ள? பீலா உடாத.”

வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. “நேர்ல வந்து பாரு. பேரு இருந்தா எம் பொண்ணு அங்க படிக்கட்டும். இல்லாங்காட்டி நீ சொல்ற எடத்துல சேக்கிறேன். இது வார்த்தை.”

“அப்பா!” என்றாள் பிரியா, சமையலறை வாசலில் இருந்து.

“நீ கம்முனு இரு.”

“சரி, நாளைக்கே போலாம்” என்றார் அண்ணன். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “நாயித்துக்கெயம லீவு வேஸ்ட்டாவக் கூடாது. மொதல்ல மியூசியம் பாத்துகினு, அப்பால செவுரு. பிரியா, அந்த காலேஜு பேப்பரையும் எட்த்துகினு வா. பேரு இல்லாங்காட்டி அங்கியே என் கையால கிழிச்சுடுறேன். திங்கக்கெயம உனக்கு அலைச்சல் மிச்சம்.”

இப்படித்தான் எங்கள் சுற்றுலா முடிவானது.

ஞாயிறு காலை ஏழரைக்கு நாங்கள் மூன்று பேரும் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இருந்தோம். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டியிருந்தேன். அண்ணனுக்கு ஆவடியில் ரயில் ஏறினால் நேராக சென்ட்ரல். இருந்தும் அவர் பூந்தமல்லிக்கு வந்து எங்களோடு பஸ் ஏறினார். நான் காரணம் கேட்டதற்கு, “உங்கள முன்னாடி அனுப்பிட்டு நான் அப்பால வந்தா, மாப்ள டப்பாவும் பிரஷ்ஷுமா போயி எய்திட்டு நின்னா இன்னா பண்றது?” என்றார். வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டே டிக்கெட் எடுத்தார்.

வழியெல்லாம் மெட்ரோ வேலை. பஸ் ஊர்ந்தது. பாலத்தடிச் சுவர்களில் புலி, மயில், கண்ணாடி போட்ட பாட்டி என்று படம் படமாக வரைந்திருந்தார்கள். பிரியா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“அப்பல்லாம் செவுத்துல ஒண்ணுக்கு அடிக்கக் கூடாதுன்னு சாமி படம் போட்டானுங்க” என்றார் அண்ணன். “இப்ப புலிய போட்றானுங்க. இத்த படிக்கத்தான் போறியா?”

“ஆமா மாமா. சாமிய விட புலிக்குத்தான் பயப்படுறாங்களாம்.”

முன்சீட்டில் இருந்தவர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

தாசப்பிரகாஷ் ஸ்டாப்பில் இறங்கி ஆட்டோ பிடித்தோம். பாடம் செய்த மிருகங்கள் இருப்பதால் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றுதான் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் அதற்கு முன் ஒரு தடவை பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிறேன். வாசலில் கிடந்த பழைய பீரங்கியை அண்ணன் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். வாய்க்குள் கையை விட்டார். “வார்ப்புல குழி வுட்டிருக்கான். ரிஜெக்ட்டு” என்றார். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் நின்று, “பாரு தாட்சா, எவ்ளோ பெரிய ஒடம்பு! உள்ள ஒண்ணுமே கெடையாது. மாப்ள பேச்சு மாதிரியே” என்றார். பக்கத்தில் குழந்தையோடு நின்ற இரண்டு பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அங்கிருந்து நகர்ந்தால் போதும் என்றிருந்தது.

வெண்கலச் சிலைகள் இருக்கிற கட்டடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். திருவாலங்காடு எங்கள் திருவள்ளூர்ப் பக்கம். பிரியா அதற்கு முன்னால் போய் நின்றவள் நகரவேயில்லை. ஊன்றிய காலையும் தூக்கிய காலையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இருவது நிமிசம் ஆச்சு. காலு மொளைக்கிதா அதுக்கு?”

வீட்டுக்காரர் சிலையின் பின்பக்கமாகப் போய்க் குனிந்து பார்த்தார். அவர் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. “பின்னாடியும் வேலை அப்டியே சுத்தமா கீது மச்சான். ஒருத்தனும் பாக்காத எடம்.”

“ஒருத்தனும் பாக்காத எடத்துல வேலை செஞ்சவன்லாம் பட்டறையிலியே கெடக்க வேண்டியதுதான்.” அண்ணன் கீழே இருந்த சீட்டைக் காட்டினார். ஊர் பெயரும் நூற்றாண்டும் எழுதியிருந்தது. “தோ பாரு. இன்னா சாமி, எந்த ஊரு, எந்த காலம், எல்லாம் கீது. செஞ்சவன் பேரு கீதா? எங்கியாவது கீதா? இந்த ஹால் ஃபுல்லா தேடு. இவ்ளோ வேலை தெரிஞ்சவனுக்கே பேரு இல்ல. லாரி பெயிண்டருக்கு செவுத்துல பேரு வெச்சிட்டானுங்களாம்.”

வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

“காசு குடுத்து செய்யச் சொன்னவர் பேரும்தான் இதுல இல்ல மாமா” என்றாள் பிரியா. “செக் பண்ணவர் பேரும் இல்ல.”

அண்ணன் அவளை ஒரு நொடி முறைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “வாய் வளந்துட்ச்சி உம் பொண்ணுக்கு.” அவருக்குக் கோபம் வந்தால் பேச்சு எப்போதும் என்னிடம்தான் வரும்.

மரத்தடியில் பொட்டலத்தைப் பிரித்தோம். காவலாளி வந்து, இங்கே சாப்பிடக் கூடாது, வெளியே போங்கள் என்று விரட்டினார். பிளாட்பாரத்தில் நின்றபடி சாப்பிட்டோம். சாதத்தில் உப்புக் குறைவு என்றார் அண்ணன். குறையவில்லை.

ராயபுரம் போய்ச் சேரும்போது மணி இரண்டு. தெருவுக்குள் நுழைந்ததுமே முகம் தெரிந்தது. ஹவுசிங் போர்டு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுக்க, அடியிலிருந்து மொட்டை மாடி வரை, மூக்குத்தி போட்ட ஒரு வயதான மீன்காரம்மா. நெற்றிச் சுருக்கம், கன்னத்தில் வெயில் பட்ட நிறம், கழுத்தில் வியர்வை. இவர் சொன்னபோது இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கட்டி இருபது வருடமான மனிதர் கையில் இது இருந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. பிரியா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் இடுப்பில் கைவைத்து, பாகத்தை அளப்பது போல மேலிருந்து கீழே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அப்புறம் என் காதருகே குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“காதாண்ட பாரு, கறுப்புப் பொட்டு. எங்க ஆம்னி வண்டிக்கு வெச்சானே, அதே மாதிரி. உம் புருசன் கையிதான், டவுட்டே இல்ல.”

பார்த்தேன். அந்த அம்மாவின் இடது தாடை முடிகிற இடத்தில் ஒரு கறுப்பு வட்டம். மேலே போய்ப் பார்த்தால் தட்டு அளவு இருக்கும், கீழிருந்து மிளகு அளவு. பூந்தமல்லிப் பட்டறையில் பெயிண்ட் முடித்த எந்த வண்டியும் திருஷ்டிப் பொட்டு வைக்காமல் வெளியே போகாது. அண்ணன் வாங்கிய பழைய ஆம்னிக்கு வண்ணம் அடித்துக் கொடுத்தபோதும், பின்கதவின் இடது மூலையில் இவர் அதே மாதிரி ஒன்று வைத்தார்.

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இனிச் சண்டை இல்லை என்றே நினைத்தேன்.

வீட்டுக்காரர் வேகமாகச் சுவரின் அடிப்பக்கம் போனார். போனவர் அப்படியே நின்றார். பிரியா ஓடினாள். நானும் போனேன்.

பெயர்கள் இருந்த இடத்தில், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சாம்பல் நிறப் பட்டை ஓடியது. அதற்கு மேலே ஸ்டென்சில் வைத்து அடித்த ஒரே ஒரு பெயர் இருந்தது: அபிஷேக்.

“இங்கதான்…” வீட்டுக்காரர் பட்டையைக் கையால் தடவினார். “இங்கதான் எய்தினேன். ஏழு பேரு. நாலாவது என்து.”

“எங்க?” என்றார் அண்ணன்.

“இங்க இருந்துச்சு மச்சான்.”

“இருந்துச்சு வேணாம். கீதா?”

அப்போது மாடிப்படியிலிருந்து ஓர் அம்மா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். நாற்பது வயது இருக்கும். “யோவ், நில்லுய்யா! நீதான? கூடையில தொங்கிகினு இருந்தது நீதான?”

வீட்டுக்காரர் திரும்பினார்.

“நீதான்! எத்தினி நாளா உன்னத் தேடிகினு கீறேன் தெரியுமா? எட்டு நாளு ஜன்னல மூடி வையி பத்மாக்கா, எட்டு நாளுன்ன. மூடி வெச்சேன். ஜன்னலோட சேத்து அடிச்சு ஒட்ட வெச்சிட்டுப் போய்ட்ட. ரெண்டு மாசமா தொறக்கல! தோ, மேல பாரு, எங்க ஊடு மூக்கு ஓட்டையில கீது. காத்து இல்லாம புள்ளைங்க வெந்துகினு கீதுங்க. நாயித்துக்கெயம ஆனா போட்டோ புடிக்க வர்றவனுக்கு அழகாத்தான் கீது. உள்ள குந்தி பாரு!”

அண்ணாந்து பார்த்தோம். இரண்டாவது மாடியில், மீன்காரம்மாவின் மூக்குத் துவாரமாக இருந்தது ஒரு மர ஜன்னல்.

“மரத்துக்கு எனாமல்தான் நிக்கும்னு அடிச்சேன்கா. வந்து தொறந்து வுடுறேன்னு சொன்னேன், வர முடில” என்றார் வீட்டுக்காரர். திட்டு வாங்குகிற முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. “அக்கா, இங்க பேரு எய்திகினு இருந்துச்சே, நீ பாத்தியா?”

“பாக்காம இன்னா? உம் பேர பாத்து பாத்துதான தெனம் திட்டினேன். பரந்தாமன், பூந்தமல்லி. தெறப்பு விழா முடிஞ்ச மறுநா, கோடு போட்டுக் குடுத்த அந்த தம்பி ரோலர எட்த்துகினு வந்து மொத்தத்தையும் அடிச்சிட்டான்.”

“கேட்டியா மச்சான்?”

“நீ யாரும்மா?” என்றார் அண்ணன் பத்மாவைப் பார்த்து. “எங்க குடும்ப விசயம் இது.”

“எங்க செவுத்துக்கு முன்னாடி நின்னுகினு இன்னா குடும்ப விசயம்? உங்க ஊட்டாண்ட போயி பேசு.”

வீட்டுக்காரர் அபிஷேக்குக்கு ஃபோன் போட்டார். எல்லோருக்கும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தார்.

“அண்ணா, நானே உங்ககிட்ட பேசணும்னு இருந்தேன்” என்றது அந்தக் குரல். நட்பாக இல்லை. “அந்த கறுப்பு டாட் யார் வைக்கச் சொன்னா? விழாவுக்கு வந்தவங்க எல்லாரும் பெயிண்ட் சொட்டிடுச்சான்னு என்னைக் கேக்குறாங்க. கிரேன் போயாச்சு, அழிக்கவும் முடியல. அது என் டிசைன் அண்ணா.”

“மூஞ்சின்னு ஒண்ணு அடிச்சா பொட்டு வெக்காம எறங்கக் கூடாது தம்பி. பட்டறை வயக்கம். அந்த அம்மா உசுரோட கீறாங்கன்னு நீதான சொன்ன? இத்தாம் பெரிய மூஞ்சி, எத்தினி கண்ணு படும்!”

“அது லாரி இல்லண்ணா, ஆர்ட். அதான் பேரெல்லாம் எடுத்துட்டேன். இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதீங்க.”

வைத்துவிட்டார்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஜன்னலைக் காட்டித் திட்டுகிற பத்மா, பொட்டைச் சொல்லித் திட்டுகிற அபிஷேக், இரண்டு பேரும் இவருக்கு வேண்டாதவர்கள். இரண்டு பேரும் இவர்தான் வரைந்தார் என்கிறார்கள். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன்.

“பேரு இருந்தான்னு பேச்சு” என்றார் அண்ணன் நிதானமாக. “பேரு இல்ல. அவ்ளோதான். நீ குடுத்த வார்த்தை, நான் கேக்கல. குடு பிரியா, பேப்பர.”

வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பத்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “உன் வார்த்தைய அப்பால பாத்துக்க. மொதல்ல வந்து ஜன்னல தொற. கத்தி, சுத்தி எல்லாம் மேல கீது. ஏறு.”

அவர் ஏறிப் போய்விட்டார். மகளின் படிப்பைக் கிழிக்கிற நேரத்தில் அவருக்கு ஏறிப்போக ஒரு மாடிப்படி கிடைத்தது.

பிரியா ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். “தர மாட்டேன் மாமா.”

“உங்கப்பன் குடுத்த வார்த்தைம்மா.”

“அவர் பேருக்கு அவர் பந்தயம் கட்டட்டும். என் படிப்ப ஏன் கட்டினாரு? என்னைக் கேட்டாரா? நீங்க கேட்டீங்களா?”

“தாட்சா, உம் பொண்ணுகிட்டருந்து அத்த வாங்கு.”

நான் வாங்கினேன். பிரியா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். என் கையில் ஃபைலை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அண்ணா” என்றேன். “வந்ததும் எங்காதுல ஒண்ணு சொன்னியே. அத்த இப்ப சத்தமா சொல்லு.”

“இன்னா சொன்னேன்?”

“பொட்டு. உன் வண்டிக்கு வெச்ச அதே பொட்டு, அதே கையின்னு சொன்ன. அத்த இவ காதுல வுயறா மாதிரி சொல்லு. சொல்லிட்டு, போய்ப் படிம்மான்னு நீயே அனுப்பு. உன் பேச்சுலதான் அவ காலேஜுக்குப் போனான்னு ஊர் பூரா நான் சொல்றேன். அவரு தோத்ததாவே இருக்கட்டும். எனக்கு அதப்பத்தி இல்ல.”

அவர் தெருவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். கண் அந்தத் தாடைப் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றார்.

முப்பது வருடமாக அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவர் கோபக்காரர், கறாரானவர், வாய் நீளம் என்றெல்லாம் எனக்குத் தெரியும். பொய் சொல்வார் என்று தெரியாது. அதுவும் அரை மணி நேரம் முன்னால் என் காதிலேயே சொன்னதை.

ஓரமாக ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி நின்றிருந்தது. அதன் பலகையைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் படிவத்தை வைத்தேன். “பேனா குடு” என்றேன். பிரியா திரும்பினாள். பேனாவை இரண்டு தடவை கீழே போட்டாள்.

“இன்னா பண்ற?” என்றார் அண்ணன்.

“பெத்தவங்கள்ல ஒருத்தர் போட்டா போதும்னு கீது. அவரு வார்த்தை குடுத்திருக்காரு, அவரு போட வேணாம். நான் யாருக்கும் ஒரு வார்த்தையும் குடுக்கல.”

“போடுவியா? எம் முன்னாடியே?”

“உன் முன்னாடிதான் போடணும்.”

தாட்சாயிணி என்று முழுதாக எழுதினேன். பத்தாவது பரீட்சைக்குப் போட்டது போலப் பொறுமையாக, ஒவ்வொரு எழுத்தாக. முடித்ததும் அண்ணன் பேசினார்.

“அப்பன் இல்லாத உன்ன தூக்கி வளத்ததுக்கு நடுத்தெருவுல வெச்சு செருப்பால அட்ச்சிட்ட. இனிமே உன் ஊட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். நல்லதுக்கும் வர மாட்டேன், கெட்டதுக்கும் வர மாட்டேன். இவ கல்யாணத்துல மாமன்னு எவன் வந்து நிக்கிறான்னு பாக்குறேன்.”

“அவ மொதல்ல படிக்கட்டும். மாமன் வேணுமான்னு அப்பால பாக்கலாம்” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கூடச் சொன்னேன். அது இங்கே வேண்டாம். அண்ணனும் திருப்பிச் சொன்னார். மாடிகளில் எல்லாம் தலைகள் முளைத்துவிட்டன.

அந்த நேரத்தில் மேலே மடமடவென்று ஒரு சத்தம். மூக்குத் துவாரம் உடைந்து திறந்துகொண்டது. கறுப்புப் பெயிண்ட் செதில்கள் கீழே மழையாகக் கொட்டின. உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் தலை நீட்டினார். பின்னால் பத்மாவின் குரல், இரண்டாவது கதவையும் ஒழுங்காகத் திறக்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தது.

“இன்னாச்சு? இன்னா சத்தம் அங்க?” என்று அவர் மூக்கிலிருந்து கத்தினார்.

அண்ணன் அவரை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். தோளில் விழுந்த செதிலைத் தட்டிவிட்டார். போகிற ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தி, “சென்ட்ரல் ஸ்டேசன்” என்று ஏறிப் போய்விட்டார். எங்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு நல்லதோ கெட்டதோ வந்தால் அவர் இனி இருக்க மாட்டார். சொன்னால் சொன்னபடி நிற்கிற மனிதர் அவர்.

வீட்டுக்காரர் இறங்கி வர இன்னும் கால் மணி நேரம் ஆனது. தலைமுடியெல்லாம் செதில். கட்டை விரலில் வெட்டுக் காயம். நடந்ததை நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மீன்பாடி வண்டியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் வார்த்தை குடுத்திருந்தேனே தாட்சா. மச்சான் மூஞ்சில இனிமே எப்டி முயிப்பேன்?”

“முயிக்க வேண்டியதில்ல. அவரு வரவே மாட்டாரு.”

“ஏன் இப்டி பண்ண?”

“நீ ஏன்யா அப்டி பண்ண?” இருபது வருடத்தில் நான் அவரை ‘யோவ்’ என்றோ ‘யா’ என்றோ சொன்னதில்லை. “அந்தாளு உன்ன மட்டந்தட்டுனா நீ அவரோட மல்லுக்கட்டு. எம் பொண்ணத் தூக்கி நடுவுல ஏன் வெச்ச? பேரு இருந்திருந்தா உனக்கு கெத்து. இல்லாங்காட்டி அவளுக்கு எலக்ட்ரீசியன். இன்னா நாயம் இது?”

அவர் பிரியாவைப் பார்த்தார். பிரியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“படம் நல்லாருக்குப்பா” என்றாள், திரும்பாமலே. “ரொம்ப நல்லாருக்கு. ஆனா உங்கிட்ட நான் இப்ப பேச மாட்டேன்.”

பிராட்வேயில் பஸ் காலியாக இருந்தது. நானும் பிரியாவும் ஒரு சீட்டில் உட்கார்ந்தோம். அவர் நாலு சீட் தள்ளி முன்னால் உட்கார்ந்தார். அமைந்தகரையில் கூட்டம் ஏறியதும் எழுந்து எங்கள் பக்கம் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாளைக்கு நான் வரல” என்றார் மெதுவாக. “வார்த்தை குடுத்துட்டு நானே கூட்டிகினு போயி சேக்க முடியாது. ஆனா நீங்க போறத தடுக்க மாட்டேன்.”

“தடுக்கவும் வேணாம், வரவும் வேணாம். உன்ன யாரும் கூப்புடல.”

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, “எத்தினி மணி பஸ்ஸு?” என்று கேட்டார்.

“ஏழு.”

“அப்ப ஆறு மணிக்கே சாப்பாடு கட்டணும்” என்றார்.

அவர் வெட்டுப்பட்ட கட்டை விரலை மற்ற விரல்களால் மூடிக்கொண்டு பூந்தமல்லி வரை நின்றுகொண்டே வந்தார். வழியில் இரண்டு மூன்று சீட் காலியானது. நாங்கள் உட்காரச் சொல்லவில்லை.